போருக்குப் பின் கட்ட வந்த பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரின் அழிவுகளுக்குப் பின் நடந்த மறுகட்டமைப்புப் பணிகளின் செலவை அமெரிக்க அரசு எப்படிக் கண்காணித்தது என்பது பற்றி வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே பொருளைத் தொடுவதால் அவற்றைச் சேர்த்து இங்கே விடையளிக்கிறோம். தொகைகள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், அமெரிக்க டாலரில் உள்ளவை.

கேள்வி: ஒவ்வொரு துறைக்கும் தணிக்கைப் பிரிவு இருக்கும்போது, மறுகட்டமைப்புக்கென்று 'சிறப்புத் தலைமை ஆய்வாளர்' என ஒருவரைத் தனியாக நியமிப்பது எதற்காக?

பதில்: ஒரு துறையின் தணிக்கையாளர் அந்தத் துறையின் அலமாரியை மட்டுமே திறக்க முடியும் என்பதுதான் காரணம். ஈராக்கில் ஒரு மின்நிலையத்தைச் சீரமைக்கும் பணியில் பாதுகாப்புத் துறை, வெளியுறவுத் துறை, யு.எஸ்.எய்ட் எனப்படும் வளர்ச்சி உதவி முகமை, ராணுவப் பொறியாளர் பிரிவு என்று பல கைகள் பட்டிருக்கும். ஒருவர் பணம் ஒதுக்கினார், இன்னொருவர் ஒப்பந்தம் போட்டார், மூன்றாமவர் மேற்பார்வை செய்தார். பணி கெட்டுப்போனால் ஒவ்வொரு துறையின் தணிக்கையும் தன் பங்கு ஒழுங்காக இருந்ததென்று எழுதிவிட்டுப் போகலாம். முழுப் பணியையும் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

2003 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஈராக் மறுகட்டமைப்புக்கு ஏறத்தாழ 1,840 கோடி டாலரை ஒதுக்கியபோது, அதே சட்டத்திலேயே இந்தப் பதவியையும் உருவாக்கியது. 2004 ஜனவரியில் ஸ்டூவர்ட் போவன் பொறுப்பேற்றார். முதலில் அவர், ஈராக்கை அப்போது ஆண்டுகொண்டிருந்த கூட்டணி இடைக்கால நிர்வாகத்தின் தலைமை ஆய்வாளராக இருந்தார். அந்த நிர்வாகம் 2004 ஜூன் 28 அன்று கலைக்கப்பட்ட பின், அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய அலுவலகம் 'ஈராக் மறுகட்டமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர்', ஆங்கில முதலெழுத்துகளில் சிகிர், என்ற பெயரைப் பெற்றது. ஆப்கானிஸ்தானுக்கு இதே போன்ற அலுவலகமான சிகார் 2008 ஜனவரியில்தான் சட்டமாயிற்று. அங்கே மறுகட்டமைப்பு 2002-லேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் பணம் முன்னே போயிருக்க, அதைக் கேள்வி கேட்கும் அலுவலகம் அதன் பின்னே போய்ச் சேர்ந்தது. என் பார்வையில் இந்தக் கதையின் மற்ற எல்லாக் குறைகளும் இந்தத் தாமதத்திலிருந்தே கிளைத்தவை.

கேள்வி: விமானத்தில் கட்டுக்கட்டாக நோட்டுகள் ஈராக்குக்குப் போயின என்றும், 880 கோடி டாலர் 'காணாமல் போனது' என்றும் படித்தேன். இது உண்மையா?

பதில்: முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதிக்குச் சிறு திருத்தம் தேவை. 2003 மே மாதத்துக்கும் 2004 ஜூனுக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கோடி டாலர் ரொக்கமாக, பெரும்பாலும் நூறு டாலர் நோட்டுகளாக, நியூயார்க்கிலிருந்து ராணுவச் சரக்கு விமானங்களில் பாக்தாதுக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன் எடை 363 டன் என்று 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் விசாரணையில் சொல்லப்பட்டது. நிர்வாகம் கலைவதற்கு ஆறு நாள் முன்பு, 2004 ஜூன் 22 அன்று மட்டும் 240 கோடி டாலருக்கு மேல் ஒரே தவணையில் போனது.

இந்தப் பணம் அமெரிக்க வரிப்பணம் அன்று. ஈராக்கின் எண்ணெய் வருமானம், எண்ணெய் விற்ற பணத்தில் உணவு வாங்க ஐ.நா. நடத்திய 'எண்ணெய்க்கு உணவு' திட்டத்தின் மீதி, வெளிநாடுகளில் முடக்கப்பட்டிருந்த ஈராக் சொத்துகள் ஆகியவை சேர்ந்த ஈராக் வளர்ச்சி நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. ஈராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுக்கப்பட்ட 880 கோடி டாலருக்குப் போதிய கட்டுப்பாடுகள் இருக்கவில்லை என்பதே 2005 ஜனவரி இறுதியில் வந்த சிகிர் தணிக்கை அறிக்கையின் முடிவு. அத்தனையும் திருடப்பட்டது என்று அறிக்கை சொல்லவில்லை. சம்பளமாக, சிமெண்டாக, லஞ்சமாக எது எவ்வளவு போயிற்று என்று காட்டும் தாள் இல்லை என்றுதான் சொன்னது. ஒரு அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள் இருந்தார்கள். அவர்களில் 602 பேர் இருப்பதை மட்டுமே உறுதிசெய்ய முடிந்தது. மீதி ஏழாயிரத்துச் சொச்சம் பேர் உண்மையில் எங்கோ காவல் நின்றார்களா, பெயர்களாக மட்டுமே இருந்தார்களா என்பதை இனி யாரும் நிறுவ முடியாது. திருட்டு நிரூபிக்கப்பட்டால் ஒருவரைத் தண்டிக்கலாம். கணக்கே இல்லாத இடத்தில் நேர்மையாக வேலை செய்தவர் மீதும் கறை ஒட்டிக்கொள்கிறது.

கேள்வி: குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊரில் ரசீது கேட்பது நியாயமா? சம்பளம் கொடுக்காவிட்டால் அரசே நின்றுபோயிருக்காதா?

பதில்: நிர்வாகத்தின் தலைவராக இருந்த பால் பிரெமரும் இதே வாதத்தைத்தான் முன்வைத்தார். போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில், அமைச்சகங்கள் எரிந்து கிடக்கும் நிலையில், அமைதிக் காலத்து மேலைநாட்டுக் கணக்கு முறையைத் தணிக்கை எதிர்பார்க்கிறது என்பது அவருடைய மறுப்பு. இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. வங்கிகள் இயங்காதபோது ரொக்கம் தவிர வேறு வழி இல்லை. ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஓய்வூதியக்காரர்களுக்கும் மாதா மாதம் பணம் போய்ச் சேராவிட்டால் பட்டினிதான்.

ஆனாலும் இந்த வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அது ஈராக் மக்களின் பணம். அதை அவர்களுக்காகச் செலவிடும் பொறுப்பை 2003 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம் அந்த நிர்வாகத்திடம் ஒப்படைத்தபோதே, அந்த நிதியைப் பன்னாட்டுக் குழு ஒன்று கண்காணிக்க வேண்டும் என்றும் அதே தீர்மானம் விதித்திருந்தது. மேலும் தணிக்கை கேட்டவை கணினியில் அச்சிட்ட பேரேடுகள் அல்ல. பணம் யாரிடம் கொடுக்கப்பட்டது, அவர் யாருக்குக் கொடுத்தார், வாங்கியவர் கையெழுத்திட்டாரா என்ற மூன்றும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதக்கூடியவை. ஊர் இருண்டு கிடக்கும்போது அவசரமாகக் கொடுத்தது தவறில்லை. விடிந்த பிறகாவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். தணிக்கை என்றால் கோப்புகளைப் புரட்டுவது என்றுதான் அறிந்திருக்கிறேன். இந்த ஆய்வாளர்கள் கட்டடத்தைப் போய்ப் பார்த்தார்களா?

பதில்: போய்ப் பார்த்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். சிகிர் அலுவலகம் கணக்குத் தணிக்கையாளர்களோடு பொறியாளர்களையும் சேர்த்துக் குழுக்களாகக் களத்துக்கு அனுப்பியது. தன் வாழ்நாளில் அது வெளியிட்ட 390 அறிக்கைகளில் 170 களஆய்வுகள். மற்ற 220 தணிக்கைகள்.

2006-ல் பாக்தாத் காவலர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன குழு கண்டதைச் சொல்கிறேன். ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவிலான அந்த வளாகத்தில் பயிற்சிக் காவலர்களின் விடுதிகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. மேல்மாடிக் கழிவறைகளின் குழாய் இணைப்புகள் சரியாகப் பொருத்தப்படாததால் கழிவுநீர் தளத்துக்குள் இறங்கி, கீழ்மாடிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விளக்குக் கூடுகளில் சிறுநீரும் மலமும் தேங்கியிருந்தன. ஓர் அறையில் ஒழுக்கு அவ்வளவு அதிகம் என்பதால் அதற்கு 'மழைக்காடு' என்றே பெயர் வந்துவிட்டிருந்தது. கோப்பை மட்டும் பார்த்திருந்தால் அது ஏறத்தாழ முடிவடைந்த பணி. மேற்பார்வைக்கென்று சம்பளம் பெற்றவர்கள் இருந்தார்கள். தரச் சோதனை என்ற பெயரில் அறிக்கைகளும் இருந்தன. அந்த விடுதியில் தூங்கி எழுந்த இளைஞர்கள்தாம் நாளை நாட்டின் சட்டம் ஒழுங்கைக் காக்க வேண்டியவர்கள். அவர்களுக்குப் புதிய அரசின் மேல் என்ன மதிப்பு வந்திருக்கும்?

ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்தில் நடந்தது பொறியாளராகிய உங்களுக்கு இன்னும் விளங்கும். காவல் சிறப்புப் படையின் பயிற்சிக்காக, ஓர் ஆப்கான் கிராமத்தைப் போன்ற அமைப்பு 4,56,669 டாலர் செலவில் கட்டப்பட்டது. நான்கே மாதங்களில் சுவர்களுக்குள் தண்ணீர் ஏறி அவை கரையத் தொடங்கின. செங்கற்களில் களிமண் மிகக் குறைவு, பெரும்பகுதி மணல். ஒரு செங்கல்லைக் கையில் எடுத்து விரலால் சுரண்டியிருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் பணியை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட அதிகாரிகள் அதைச் செய்யவில்லை. உத்தரவாதக் காலம் முடியுமுன் ஒப்பந்தக்காரரைத் திருத்தச் சொல்லவும் இல்லை. இறுதியில் அது இடிக்கப்பட்டது.

இன்னொன்று, படித்த நாளிலிருந்து மனத்தை விட்டு அகலாதது. பர்வான் மாகாணத்தின் சலாங் மருத்துவமனைக்கு ஆய்வுக் குழு போனபோது அங்கே சுத்தமான தண்ணீர் வசதி இல்லை. பிறந்த குழந்தைகளை, சுத்திகரிக்காத ஆற்று நீரில் கழுவுவதாக அங்குள்ள ஊழியர்கள் சொன்னார்கள். நிலநடுக்கம் அடிக்கடி வரும் பகுதி அது. கட்டடமோ அதற்கேற்பக் கட்டப்படவில்லை. தணிக்கை அறிக்கை என்பது வறண்ட எழுத்து என்று நினைப்பவர்கள் இந்த வரிகளைப் படிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எல்லாம் திருட்டுதானா?

பதில்: இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் 'ஊழல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடைபட்டுவிடுகிறது. திருட்டு இருந்தது. சிகிர் 2013 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்ட நேரத்தில், அதன் புலனாய்வுகளால் 82 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகியிருந்தது. ஹில்லா நகரில் நிதியைக் கையாண்ட அதிகாரி ஒருவர், முன்பே மோசடிக்காகச் சிறை சென்றவர். அவரிடம் பல கோடி டாலர் ரொக்கத்தை ஒப்படைக்குமுன் யாரும் பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவர் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஒரே ஒப்பந்தக்காரருக்குப் பணிகளைத் திருப்பிவிட்டு, கடைசியில் ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

ஆனால் திருட்டைவிட வீண்செலவே பல மடங்கு பெரியது. ஈராக்குக்குக் கொடுத்த சுமார் 6,000 கோடி டாலரில் குறைந்தது 800 கோடி வீணாயிற்று என்று சிகிர் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி, யாரும் தன் பையில் போட்டுக்கொள்ளாமலேயே கரைந்தது. தியாலா மாகாணத்தில், கான் பனி சாத் என்ற இடத்தில் ஒரு சிறைச்சாலை. பாதுகாப்பு மோசமாக இருந்த நிலப்பகுதியில் 4 கோடி டாலர் செலவிட்ட பிறகு பணி கைவிடப்பட்டது. ஈராக் அரசு அதை ஏற்கவும் மறுத்தது. ஒரு கைதியும் அதில் இருந்ததில்லை. ஃபல்லூஜா நகரின் கழிவுநீர்த் திட்டம் சுமார் 3.3 கோடி டாலரில் நகரம் முழுவதற்கும் என்று தொடங்கி, 10 கோடி டாலரைத் தாண்டியும் நகரின் மூன்றில் ஒரு பங்கு வீடுகளை எட்டியதோடு நின்றது. 150 ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்டுவதாக இருந்த ஒப்பந்தத்தில், 2006 ஏப்ரலில் தணிக்கை வந்தபோது 18.6 கோடி டாலர் செலவாகி ஆறு மட்டுமே முடிந்திருந்தன.

ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில், அமெரிக்கப் படைகள் தங்கியிருந்த லெதர்நெக் முகாமின் தலைமையகக் கட்டடம் இதற்குச் சரியான உதாரணம். இந்தக் கட்டடம் வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்று அங்கிருந்த படைத்தளபதியே 2010-ல் எழுதிக் கேட்டார். மேலிடம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. சுமார் 64,000 சதுர அடியில், 3.6 கோடி டாலர் செலவில் எழும்பிய அந்தக் கட்டடத்தை யாரும் பயன்படுத்தவில்லை. இதில் எவரும் லஞ்சம் வாங்கியதாக நிரூபணம் இல்லை. ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடியுமுன் செலவழித்தாக வேண்டும் என்ற பழக்கம் மட்டும் இருந்தது. ஆப்கான் விமானப் படைக்கென்று 54.9 கோடி டாலர் செலவில் வாங்கிய 20 பழைய ஜி222 சரக்கு விமானங்களில் 16, உதிரிப்பாகமின்றி ஓட முடியாமல் கிடந்து, பழைய இரும்பாக 40,257 டாலருக்கு விற்கப்பட்டன.

கேள்வி: ஆய்வாளர் போகவே முடியாத இடத்தில் என்ன செய்வது?

பதில்: ஆப்கானிஸ்தானில் இதுவே பெரும் தலைவலியாக இருந்தது. படைகள் குறையக் குறைய, பாதுகாப்போடு சென்று திரும்பக்கூடிய பரப்பும் சுருங்கியது. 2014-க்குள் நாட்டின் 21 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்கக் குடிமை அதிகாரிகள் எட்ட முடியாது என்று சிகார் 2013-ல் எச்சரித்தது. அதற்கு அப்பால் உள்ளூர் நிறுவனங்களை அமர்த்திப் படம் எடுக்கச் சொல்வது, செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பது, கட்டடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் சரிபார்ப்பது என்று மாற்று வழிகள் கையாளப்பட்டன. அவற்றின் தரம் கொடுக்கப்படும் விவரத்தின் தரத்தைப் பொறுத்தது. 2015-ல், உதவி பெற்ற சுகாதார நிலையங்களின் இருப்பிடக் குறியீடுகளைக் கேட்டு வாங்கி வரைபடத்தில் வைத்துப் பார்த்தார்கள்: ஏறத்தாழ 80 விழுக்காடு தவறு. ஆறு நிலையங்கள் பாகிஸ்தானில் விழுந்தன, ஆறு தஜிகிஸ்தானில், ஒன்று மத்தியதரைக் கடலுக்குள். அந்த மருத்துவமனைகள் இல்லவே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அவை எங்கே இருக்கின்றன என்பதே பணம் கொடுப்பவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

கேள்வி: இப்படிக் குறை சொல்லும் அலுவலகத்தை அரசுகள் எப்படிப் பொறுத்துக்கொண்டன?

பதில்: பல நேரங்களில் பொறுத்துக்கொள்ளவில்லை. 2006 அக்டோபரில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவுச் சட்டம் ஒன்றின் நடுவே, சிகிர் அலுவலகம் 2007 அக்டோபர் 1 அன்று மூடப்பட வேண்டும் என்ற பிரிவு சத்தமில்லாமல் செருகப்பட்டிருந்தது. அது தெரியவந்ததும் இரு கட்சி உறுப்பினர்களும் எதிர்த்து, இரண்டே மாதத்தில் வேறு சட்டம் கொண்டுவந்து மாற்றினார்கள். அலுவலகம் 2013 வரை இயங்கியது. சிகாரின் தலைவராக 2012 முதல் 2025 ஜனவரி வரை இருந்த ஜான் சோப்கோவுக்கு வேறு வகைத் தடைகள். ஆப்கான் படைகளின் எண்ணிக்கை, இழப்பு போன்ற விவரங்கள் 2017-ல் ரகசியமாக்கப்பட்டன. காபூல் வீழ்ந்த பிறகு, 2022-ல், வெளியுறவுத் துறையும் யு.எஸ்.எய்ட் முகமையும் ஒத்துழைக்க மறுப்பதாக அவர் நாடாளுமன்றத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. ஆப்கான் மறுகட்டமைப்புக்கு ஒதுக்கப்பட்ட 14,500 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில், 6,300 கோடியை மட்டும் சோதித்துப் பார்த்து, அதில் ஏறத்தாழ 1,900 கோடி வீண், மோசடி, முறைகேடு ஆகியவற்றில் போனதென்று 2020-ல் சொன்ன அலுவலகம் அது. அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

கேள்வி: மார்ஷல் திட்டம் மட்டும் எப்படி வென்றது?

பதில்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவை மீண்டும் கட்ட அமெரிக்கா கொடுத்த உதவி அது. 1948 முதல் 1952 வரை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் போனது. வாங்கிய அரசுகளுக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகளும் வரி வசூலும் நீதிமன்றங்களும் முன்பே இருந்தன. உதவிப் பொருளை விற்ற உள்நாட்டுப் பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பணிகளுக்கே எடுக்கப்பட்டது. பணவீக்கத்தைக் கணக்கிட்டால் ஆப்கானிஸ்தானுக்கு ஒதுக்கிய தொகை மார்ஷல் திட்டத்தை மிஞ்சிவிட்டதென்று சிகார் 2014-லேயே காட்டியது. எனவே பணத்தின் அளவை வைத்து இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

கேள்வி: உக்ரைனில் இதே தவறுகள் நடக்குமா?

பதில்: அங்கே தொடக்கப் புள்ளி வேறு. 2016 முதல் அரசுக் கொள்முதல் அனைத்தும் 'புரோசோரோ' என்ற மின்னணு முறையில், யாரும் பார்க்கும்படி நடக்க வேண்டும் என்பது சட்டம். 2022-ல் முழு அளவிலான போர் தொடங்கியதும் அது தளர்த்தப்பட்டு, பிறகு படிப்படியாக மீட்கப்பட்டது. மறுகட்டமைப்புப் பணிகளுக்கென்று 2023-ல் 'டிரீம்' என்ற தனிப் பதிவேடும் தொடங்கப்பட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைச் சீரமைக்கும் பணி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அதில் பொதுமக்களே தேடிப் பார்க்கலாம். 2024–2027 காலத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த 5,000 கோடி யூரோ உதவியுடன் ஒரு தணிக்கைக் குழுவும் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் தாமதமாக வந்தது இங்கே முன்கூட்டியே வந்திருக்கிறது என்ற அளவில் நம்பிக்கை கொள்ளலாம். மின்னணுப் பதிவேடு செங்கல்லைச் சுரண்டிப் பார்க்காது என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: எல்லாம் அமெரிக்க ஆய்வாளர்களைப் பற்றியே இருக்கிறதே, ஈராக்கியர்களிடம் தணிக்கையாளர்களே இல்லையா?

பதில்: இந்தக் கேள்வியை முதலில் எடுத்திருக்க வேண்டும். ஈராக்கின் உச்சத் தணிக்கை வாரியம் 1927-லிருந்து இருக்கிறது. சதாம் ஆட்சியில் அதன் கைகள் கட்டப்பட்டிருந்தாலும் கணக்குத் தெரிந்த மனிதர்கள் அதில் இருந்தார்கள். அதன் தலைவர் இஹ்சான் கரீம் 2004 ஜூலை 1 அன்று, ஆட்சி ஈராக்கியர் கைக்கு வந்து மூன்றே நாளில், குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒரு தலைமை ஆய்வாளரும், ஊழலைப் புலனாய்வு செய்ய நேர்மை ஆணையமும் அமைக்கப்பட்டன. அந்த ஆணையத்தின் தலைவராக இருந்த நீதிபதி ராதி அல் ராதி 2007 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்: தன் ஊழியர்களில் 31 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அவர்களுடைய குடும்பத்தினரில் குறைந்தது 12 பேரும் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று. வாஷிங்டனிலிருந்து வந்த தணிக்கையாளருக்குக் கவச வண்டியும் மெய்க்காவலரும் இருந்தார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு மாலையில் பாக்தாதில் தன் தெருவுக்கு நடந்தே திரும்பிய எழுத்தருக்கு அவை எதுவும் இல்லை. ராதி அல் ராதியும் நாடு திரும்ப முடியாமல் அமெரிக்காவிலேயே அடைக்கலம் கேட்டார். அமைச்சகங்களின் தலைமை ஆய்வாளர் அலுவலகங்களை 2019 அக்டோபரில் ஈராக் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்திக் கலைத்துவிட்டது.